கமிட்டி அறிக்கையின் கடைசிப் பக்கங்கள்

1959 பிப்ரவரி. வாஷிங்டனில் எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த 19 வயதுப் பையன் ஒருவனுக்கு முதுகுவலி. டாக்டர் ஸ்பென்ஸ் முதுகெலும்பில் அறுவை செய்யவேண்டும் என்றார். பையனின் அம்மா கணவரை இழந்தவர், மேற்கு வர்ஜீனியாவில் இருந்தார். ஃபோனில் கேட்டார்: "பெரிய ஆபரேஷனா டாக்டர்?" மற்ற எந்த ஆபரேஷனையும் விடப் பெரிதில்லை என்று பதில் வந்தது. அம்மா புறப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது ஆபரேஷனே முடிந்திருந்தது. முடிந்தபிறகு அவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

மறுநாள் பையன் சிறுநீர் கழிக்க முயன்றபோது உதவிக்கு ஆளில்லை. கட்டிலிலிருந்து விழுந்தான். சில மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. இந்த அறுவையில் இப்படிச் செயலிழப்பு வர நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வாய்ப்புண்டு என்று டாக்டரே பிறகு சாட்சியம் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் நோயாளி பயந்து ஆபரேஷனுக்கு வராமல் போகலாம், அதனால் சொல்வது நல்ல வைத்தியமில்லை என்றும் சொன்னார்.

இதுதான் கேன்டர்பரி எதிர் ஸ்பென்ஸ் வழக்கு. 1972-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு உலகம் முழுக்கச் சட்ட மாணவர்களுக்குப் பாடம். மருத்துவர்களின் வழக்கம் என்ன என்பதல்ல, ஒரு சாதாரண நோயாளி முடிவெடுக்க எது தெரிய வேண்டும் என்பதே அளவுகோல் என்றது தீர்ப்பு. பாடத்தில் அதிகம் சொல்லாத ஒன்று, வழக்கு திரும்ப விசாரணைக்குப் போனபோது ஜூரி டாக்டர் பக்கம் தீர்ப்பளித்தது. தன் பெயரில் ஒரு சட்டக் கோட்பாடே இருக்க, அந்தப் பையன் தோற்றான்.

நான் நுகர்வோர் ஆணையங்களில் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள் நடத்துகிற வக்கீல். இந்த வழக்கின் தடத்தைப் பிடித்துப் போனபோதுதான் ஜே காட்ஸ் என்ற பேராசிரியர் கிடைத்தார். ஊரே கொண்டாடிய கேன்டர்பரி தீர்ப்பைப் படித்துவிட்டு, இது தேவதைக் கதையா என்று 1977-ல் ஒரு கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டவர் அவர். நோயாளியின் சுயநிர்ணய உரிமை என்று நீதிபதிகள் முதலில் முழங்குகிறார்கள், பிறகு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிவிடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. சொன்னால் நோயாளிக்குக் கெடுதல் என்று டாக்டர் கருதினால் சொல்லாமல் விடலாம். சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன் என்று நோயாளி சொன்னால் போதாது, விவேகமுள்ள யாராக இருந்தாலும் மறுத்திருப்பார் என்று நிரூபிக்க வேண்டும். அப்புறம் அந்த நோயாளியின் சொந்த விருப்பத்துக்கு என்ன இடம்? தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிற எனக்கு அந்தக் கட்டுரை கசந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

காட்ஸ் சட்டம் படித்தவரே இல்லை. யேல் சட்டப் பள்ளியில் பல பத்தாண்டுகள் பேராசிரியராக இருந்தார், ஆனால் படித்தது மருத்துவம். 1922-ல் ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனார். 1949-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம். மனநல மருத்துவராக யேலுக்கு வந்தவர், 1950-களின் இறுதியில் சட்டப் பள்ளிக்குள் நுழைந்தார். பேச்சின் வழியே ஆழ்மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வைச் சட்ட மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒரு காலம் அமெரிக்காவில் இருந்தது. சக பேராசிரியர் ஜோசப் கோல்ட்ஸ்டீனோடு சேர்ந்து குடும்பச் சட்டம், மனநலச் சட்டம் பற்றிப் பெரிய பெரிய பாடநூல்களைத் தொகுத்தார். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவரைத் திருப்பிவிட்டது நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த ஒரு சம்பவம். 1963 ஜூலையில் யூத நாள்பட்ட நோய் மருத்துவமனை என்ற இடத்தில், தளர்ந்துபோன 22 நோயாளிகளுக்கு உயிருள்ள புற்றுநோய் செல்களைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள். ஆராய்ச்சியை நடத்தியவர் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் செஸ்டர் சௌதம். புற்றுநோய் இல்லாத, ஆனால் உடல் நலிந்தவர்களின் உடம்பு அந்நிய செல்களை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றுகிறது என்று பார்ப்பது நோக்கம். நோயாளிகளிடம் என்ன சொன்னார்கள்? கண்ணாடிக் குடுவையில் வளர்த்த மனித செல்கள் என்று சொன்னார்கள். புற்றுநோய் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார்கள். அனாவசியமாக பயமுறுத்துவானேன் என்பது சௌதமின் விளக்கம். உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு நிருபர் கேட்டபோது, திறமையான புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் குறைவு, சிறிய ஆபத்தாக இருந்தாலும் அப்படிச் செய்வது முட்டாள்தனம் என்று பதில் சொன்னார். ஆபத்தே கிடையாது என்று மற்ற இடங்களில் சொன்னவரும் அவர்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் 3 இளம் மருத்துவர்கள் ஊசி போட மறுத்து ராஜினாமா செய்தார்கள். சௌதமின் உரிமத்தை ஓராண்டு முடக்குவதாக நியூயார்க் மாநிலம் அறிவித்து, அந்தத் தண்டனையையும் நிறுத்திவைத்தது. சில ஆண்டுகளில் அவரை அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

காட்ஸ் இந்த வழக்கின் காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்தார். விசாரணைக் குறிப்புகள், கடிதங்கள், ஆஸ்பத்திரி நிர்வாகக் கூட்டத் தீர்மானங்கள், பிரமாணப் பத்திரங்கள் எல்லாம் சேர்ந்தன. 1972-ல் அது 1,159 பக்க நூலாக வெளிவந்தது, மனிதர்கள் மீதான பரிசோதனைகள் பற்றி. அலெக்சாண்டர் கேப்ரன் என்ற இளைஞர் கூட இருந்து உதவினார். யேலில் காட்ஸிடம் படித்த அவரும் பின்னாளில் இந்தத் துறையின் பெரிய சட்டப் பேராசிரியர் ஆனார். புத்தகத்தின் அமைப்பு ஒரு வக்கீலுக்கு உடனே பிடித்துப்போகும். ஆராய்ச்சியாளர், ஆராயப்படுபவர், மருத்துவத் தொழில், அரசு என்று நான்கு தரப்பு. ஒவ்வொரு தரப்புக்கும் எவ்வளவு அதிகாரம், யார் அதைக் கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஆசிரியரின் தீர்ப்பு எங்கும் இல்லை. ஆவணங்களை அடுக்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இந்த ஒதுங்கல் அவருக்குக் கொஞ்சநாள்தான் முடிந்தது. அதே 1972 ஜூலையில் டஸ்கீகி விவகாரம் வெடித்தது.

அலபாமாவின் மேகன் கவுண்டியில் ஏறக்குறைய 600 கறுப்பின ஆண்களை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் கவனித்துவந்தது. 399 பேருக்கு மேகப்புண் நோய் (சிஃபிலிஸ்) இருந்தது, 201 பேர் ஒப்பீட்டுக்கு. கவனித்தார்கள், குணப்படுத்தவில்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஆட்களிடம் "கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதற்கு அவர்களை வரவழைக்க அனுப்பிய கடிதத்தில், இதுதான் உங்களுக்கு விசேஷ இலவசச் சிகிச்சைக்குக் கடைசி வாய்ப்பு என்று இருந்தது. அது சிகிச்சையே அல்ல, பரிசோதனை. 1940-களில் பென்சிலின் வந்தபிறகும் கொடுக்கவில்லை. சொந்த அலுவலகத்துக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் ஆட்சேபித்துப் பார்த்த பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர், கடைசியில் பத்திரிகைக்காரர்களிடம் போனார். ஜீன் ஹெல்லரின் செய்தி வந்த பிறகு அரசு 9 பேர் கொண்ட குழுவை அமைத்தது. அதில் காட்ஸும் ஒருவர்.

1973-ல் குழு அறிக்கை தந்தது. ஆய்வு தொடக்கத்திலிருந்தே அறமற்றது என்றது, பென்சிலின் கொடுத்திருக்க வேண்டும் என்றது. சரி, போதுமே என்று தோன்றும். காட்ஸுக்குப் போதவில்லை. அறிக்கையோடு ஒரு தனிக் குறிப்பை எழுதிச் சேர்த்தார். அவர் சொன்னதன் சாரம் இது: இந்த மனிதர்களைச் சுரண்டினார்கள், ஆட்டிவைத்தார்கள், ஏமாற்றினார்கள். ஆனால் இந்த ஆய்வைக் கண்டிக்க அடிப்படைக் காரணம் எல்லாருக்கும் வைத்தியம் செய்திருக்க வேண்டும் என்பதல்ல. சிலர் வைத்தியம் வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவர்களோடு யாரும் நேர்மையாகக் கலந்து பேசவே இல்லை என்பதுதான் குற்றம்.

அந்தக் குறிப்பை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. ஆட்கள் செத்திருக்கிறார்கள், மனைவிமாருக்குத் தொற்றியிருக்கிறது, இவர் கலந்து பேசுவதைப் பற்றிப் பேசுகிறார்! பிறகுதான் உறைத்தது. மருந்து கொடுக்காததுதான் தப்பு என்று முடித்துவிட்டால், மருந்து கொடுத்துக்கொண்டே ஏமாற்றலாம். புரூக்ளினில் அந்த ஊசியால் யாரும் சாகவில்லை, யாருக்கும் புற்றுநோய் வரவில்லை. விளைவை வைத்துத்தான் குற்றத்தை அளப்பது என்றால் சௌதம் நிரபராதி. எங்கள் நுகர்வோர் சட்டத்தில் இதே ஓட்டை இருக்கிறது. "சேதம் என்ன?" என்பதுதான் எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. கேட்காமல் செய்ததே சேதம் என்று எழுதி நஷ்டஈடு வாங்கிப் பாருங்கள், தெரியும்.

குழுவின் இன்னொரு பரிந்துரை காட்ஸின் கைவண்ணம். மனிதர்கள் மீதான ஆராய்ச்சியை மேற்பார்வையிட நிரந்தரமான தேசிய வாரியம் ஒன்று வேண்டும். அதன் முடிவுகள் நீதிமன்றத் தீர்ப்புகளைப்போல அச்சாகி வெளிவர வேண்டும், அப்போதுதான் ஒரு முடிவிலிருந்து அடுத்த முடிவு பாடம் கற்கும். செனட்டர் எட்வர்ட் கென்னடி நடத்திய விசாரணையில் போய்ச் சாட்சியமும் சொன்னார். 1974-ல் சட்டம் வந்தது, வாரியம் வரவில்லை. ஒரு தற்காலிக ஆணையமும், ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் மறுஆய்வுக் குழுக்களும்தான் கிடைத்தன. ஆராய்ச்சி செய்கிறவரின் சக ஊழியர்களே பெரும்பாலும் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுக்கும் குழுக்கள். அந்த முடிவுகளை வெளியில் யாரும் படிக்க முடியாது. இன்று உலகம் முழுக்க, நம் மருத்துவக் கல்லூரிகளில் உள்ள நெறிமுறைக் குழுக்கள் உட்பட, இந்த மாதிரியில்தான் ஓடுகிறது. காட்ஸ் கடைசிவரை இதை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

1984-ல் வந்தது அவருடைய முக்கியமான புத்தகம், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான மௌன உலகம் பற்றியது. இதில்தான் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு சாதாரண வைத்திய அறைக்குள் வருகிறார். சொல்ல வேண்டியதை மறைத்து நடந்துகொள்ளும்படி இளம் வைத்தியனுக்கு, பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள பழைய நூல் சொல்லிக்கொடுக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக வைத்தியம் பேசாமலேயே நடந்திருக்கிறது, ஒரு சட்டத் தீர்ப்பு அதை ஒரே நாளில் மாற்றிவிடுமா என்று கேட்கிறார்.

புத்தகத்தில் ஓரிடம் என்னை விடவில்லை. காட்ஸும் அறுவை மருத்துவரான நண்பர் ஒருவரும் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மார்பை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதா, எது நல்லது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று நண்பர் ஒத்துக்கொள்கிறார். சரி, நோயாளியிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று காட்ஸ் கேட்கிறார். மற்ற வழிகளைச் சும்மா தொட்டுக்காட்டிவிட்டு, பெரிய அறுவைதான் சிறந்தது என்று அழுத்திச் சொல்வேன் என்கிறார் நண்பர். இப்போதுதானே தெரியாது என்றீர்கள்? நோயாளிகளால் அதைத் தாங்க முடியாது என்று பதில் வருகிறது.

தாங்க முடியாதது யாரால் என்பதுதான் காட்ஸின் கேள்வி. உளப்பகுப்பாய்வு படித்தவர் அல்லவா, ஊசியைத் திருப்பிக் குத்துகிறார். தெரியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுதான் மருத்துவருக்குக் கஷ்டம். அந்த பயத்தை நோயாளியின் தலையில் கட்டிவிடுகிறார். ஒப்புதல் படிவம் இதை மாற்றாது. ஆபத்துப் பட்டியலை நீளமாக அச்சடித்துவிட்டு, எது நிச்சயமில்லை என்பதைப் பேசாமலேயே இருந்துவிடலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு நோயாளியை நிறுத்துகிறார். இஃபிஜெனியா என்று புனைபெயர், வயது 21. மார்பை எடுப்பதாக முடிவாகி, அறுவைக்கு முந்தின சாயங்காலம் மருத்துவருக்கு மனசு கேட்கவில்லை. போய் உட்கார்ந்து மாற்று வழிகளையும் அவற்றில் தெரியாதவற்றையும் வெகுநேரம் பேசுகிறார். அவள் மார்பைக் காப்பாற்றும் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கிறாள். அந்த மருத்துவர் இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, சிறு பெண் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றியிருக்கிறீர்களே என்று சக மருத்துவர்கள் அவரைத்தான் கடிந்துகொண்டார்கள்.

என் கையிலிருக்கிற கேஸ் கட்டுகளில் படிவங்கள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நோயாளி பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், "எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது" என்று அச்சிட்ட வரி, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று பேனாவால் போட்ட பெருக்கல் குறி. பலமுறை கையெழுத்து நோயாளியுடையதாக இருக்காது. மகன், தம்பி, மச்சினன். நோயாளி முழு நினைவோடு பக்கத்திலேயே படுத்திருப்பார்.

காட்ஸோடு எனக்கு மல்லுக்கு நிற்கவும் இடமுண்டு. பேசினால் எல்லாம் தீரும் என்கிற நம்பிக்கை அவரிடம் கொஞ்சம் கூடுதல். உளப்பகுப்பாய்வாளரின் சோபாவில் நேரம் தாராளம். கூட்டம் அலைமோதும் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கு அவர் என்ன சொல்வார்? பணத்தைப் பற்றியும் அவர் போதுமான அளவு பேசவில்லை. எந்தச் சிகிச்சை எவ்வளவு ஆகும், எதற்குக் காப்பீடு உண்டு என்பதுதான் நோயாளிகள் உண்மையில் கேட்க விரும்பி, கேட்கத் தயங்கும் விஷயம்.

1994-ல் அதிபர் கிளிண்டன், பனிப்போர்க் காலக் கதிர்வீச்சுப் பரிசோதனைகளை விசாரிக்க ரூத் ஃபேடன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். சொல்லாமலேயே புளூட்டோனியம் ஊசி போடப்பட்டவர்கள் உட்படப் பல சங்கதிகள் அதில் வெளியே வந்தன. குழுவில் மறுபடியும் காட்ஸ். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. மறுபடியும் தனிக் குறிப்பு. பழைய தவறுகளைக் கண்டித்தால் மட்டும் போதுமா, இன்றைக்கு நடக்கிற ஆராய்ச்சியிலும் நோயாளிகளுக்கான பாதுகாப்பு பலவீனமாகத்தானே இருக்கிறது என்று எழுதினார். அறிக்கையை கிளிண்டன் பெற்றுக்கொண்டது 1995 அக்டோபர் 3. அன்றைக்குத்தான் பிரபல விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கின் தீர்ப்பு. மறுநாள் பத்திரிகைகளில் யாருக்கு இடம் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நியூரம்பர்க் விசாரணை பற்றி காட்ஸ் அடிக்கடி எழுதுவார். நாஜி மருத்துவர்களை விசாரித்த அமெரிக்க நீதிபதிகள் 1947 தீர்ப்பில் முதல் விதியாக எழுதியது, பரிசோதிக்கப்படுபவரின் சுயமான ஒப்புதல் கட்டாயம் என்பது. காட்டுமிராண்டிகளுக்கு அது நல்ல விதி, நமக்கெதற்கு என்றே அமெரிக்க மருத்துவ உலகம் நினைத்தது என்றார். அந்தத் தீர்ப்பு வந்தபோது டஸ்கீகியில் ஆய்வுக்குப் பதினைந்து வயது. அதை நடத்தியவர்களில் ஒருவருக்கும் இது நம்மைப் பற்றியது என்று தோன்றவில்லை. ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த மனிதர் இதை எழுதும்போது அந்தக் கிண்டலில் ஒரு கனம் இருக்கிறது.

2008 நவம்பரில் காட்ஸ் நியூ ஹேவனில் காலமானார். அதே ஆண்டு ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பு தந்திருந்தது. 44 வயதுப் பெண். வயிற்றுக்குள் லேப்பராஸ்கோப் என்ற சிறு குழாய்க் கருவியை வைத்துப் பார்ப்பதற்குத்தான் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே காத்திருந்த அவர் அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். மறுபடியும் ஓர் அம்மா! நோயாளி வயதுவந்தவர், உயிருக்கு அவசரமில்லை, ஆகவே அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். டாக்டருக்குக் கட்டணம் கிடையாது, 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடு என்றது. நல்லது. ஆனால் எவ்வளவு சொல்லவேண்டும் என்ற கேள்வி வந்தபோது கேன்டர்பரியை எடுத்து விவாதித்துவிட்டு, அது நமக்கு ஒத்துவராது என்று வைத்துவிட்டது. இங்கே நோயாளிகள் பெரும்பாலும் ஏழைகள், படிக்காதவர்கள், டாக்டரை நம்பி வருகிறவர்கள் என்பது காரணங்களில் ஒன்று. மருத்துவ உலகம் போதும் என்று ஏற்கும் அளவுக்குச் சொன்னால் போதுமாம்.

அதாவது என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை இன்னொரு மருத்துவர்தான் வந்து சொல்ல வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவரைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம், எழுத்து வினாக்கள் கொடுப்போம், அவர் எழுத்தில் பதில் தருவார். என் வினாப்பட்டியலில் கொஞ்ச காலமாக ஒரு கேள்வியைச் சேர்த்துவருகிறேன்: இந்தச் சிகிச்சையில் எது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, அதை நோயாளியிடம் சொன்னீர்களா? எதிர்த்தரப்பு வக்கீல், சம்பந்தமில்லாத கேள்வி என்று ஆட்சேபிப்பார். ஆட்சேபம் ஏற்கப்படாத நாட்களில் பதில் வரும்: "தேவையான அனைத்தும் விளக்கப்பட்டன. ஒப்புதல் படிவம் காண்க."